உட்கருவின் கொள்ளளவு

ஐந்தாவது வாரம் முடிந்தபோதும் அந்த வளைவு தட்டையாகவே கிடந்தது. ஆய்வுக் கட்டுரையின் மூன்றாவது படத்தில் அது ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது. என் திரையில் ஒரே ஒரு மேடு. அதற்கப்புறம் படுத்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. சமன்பாடுகள் அதேதான். அட்டவணையில் இருந்த 31 எண்களும் அதேதான். ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு நாள் மாலை பக்கத்து மேசைத் தோழி கட்டுரையை உரக்க வாசிக்க, நான் என் நிரலில் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் பொருந்தியது. வளைவு மட்டும் பொருந்தவில்லை.

எந்தக் கட்டுரை என்று சொல்லப் போவதில்லை. நல்ல யோசனை உள்ள கட்டுரை. இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறேன். செல்லுக்கு வெளியிலிருந்து ஒரு தூண்டல் வந்ததும் ஒரு புரதம் சைட்டோபிளாசத்திலிருந்து உட்கருவுக்குள் போகிறது. அங்கே பல மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. அவற்றில் ஒன்று, அந்தப் புரதத்தையே அடக்கும் இன்னொரு புரதத்தின் மரபணு. அடக்கும் புரதம் உருவாகி, உட்கருவுக்குள் வந்து, முதல் புரதத்தைக் கையோடு வெளியே கூட்டிக்கொண்டு போகிறது. தூண்டல் நிற்காத வரை இந்தப் போக்குவரத்து திரும்பத் திரும்ப நடக்கும். என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தின் பெயரைக் கேட்டவர்களுக்கு இது பழகிய கதை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மாடல்தான் அது; மாடல் என்றால் செல்லுக்குள் நடப்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது.

எங்கள் ஆய்வகத்தில் என்னைவிட ஏழெட்டு வருடம் மூத்த ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணா. அவரிடம் போய் நின்றேன். “அண்ணா, மூணாவது படம் வரவே மாட்டேங்குது. அஞ்சு வாரமாச்சு.” அவர் சிரித்தார். அன்பான சிரிப்புதான். “பேப்பர்ல அச்சடிச்ச சமன்பாட்ட வச்சு யாரும்மா ஓட்டுவாங்க? எழுதினவருக்கு மெயில் போட்டு புரோகிராமை வாங்கு. அதை ஓட்டு. படம் வந்துடும்.”

அவர் சொன்னது நடைமுறையில் சரி. ஆனால் அந்தப் பதில் எனக்குள் அடங்கவே இல்லை. அச்சில் இருக்கும் சமன்பாட்டை வைத்து மாடலை ஓட்ட முடியாது என்றால், அச்சில் இருப்பது எதற்கு? மாடல் எங்கே இருக்கிறது? எழுதியவரின் கணினியிலா, அவர் ஞாபகத்திலா, அவர் வேலையை விட்டுப் போகும்போது ஆய்வகத்தில் வைத்துவிட்டுப் போன ஏதோ ஒரு வன்தட்டிலா? வருடங்கள் ஓடியபிறகும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன். எஸ்பிஎம்எல் என்ற, மாடல்களை எழுதிவைப்பதற்கான, பலருக்கும் சலிப்பூட்டுகிற ஒரு கோப்பு வடிவத்தின்மேல் எனக்கு இத்தனை பற்று வந்தது இந்தக் கேள்வி வழியாகத்தான்.

மூன்று புத்தகம், மூன்று சமன்பாடு

அச்சுக்கும் மாடலுக்கும் நடுவே இடைவெளி உண்டு என்பதை நான் அதற்கு முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன், அப்போது அதன் பொருள் புரியவில்லை. முதுகலை படிக்கும்போது ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாடலைக் கணினியில் எழுதச் சொன்னார்கள். கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்று ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952இல் எழுதிய சமன்பாடுகள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அந்தச் சமயம் கிடைக்காததால், பிரன்ஸ்விகா என்ற கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறியில் ஹக்ஸ்லி எண் எண்ணாகப் போட்டுத்தான் அந்தத் துடிப்பின் வடிவத்தைக் கண்டார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு. உயிரியலில் இதைவிட அதிகமாகப் படிக்கப்பட்ட மாடல் இருக்குமா என்பதே சந்தேகம்.

நூலகத்தில் மூன்று புத்தகம் எடுத்தேன். நரம்பிழைச் சவ்வில் பொட்டாசியத்தை விடும் வாயில் திறக்கும் வேகத்துக்கு ஒன்றில் மின்னழுத்தத்தோடு 10ஐக் கூட்டியிருந்தது. இரண்டாவதில் 10லிருந்து மின்னழுத்தத்தைக் கழித்திருந்தது. மூன்றாவதில் 55ஐக் கூட்டியிருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றிலிருந்து பாதியும் இன்னொன்றிலிருந்து மீதியும் எடுத்து எழுதினேன். வந்தது எதுவும் துடிப்பாக இல்லை. மூன்றுமே சரி என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1952 கட்டுரையில் மின்னழுத்தம் ஓய்வுநிலையிலிருந்து அளக்கப்படுகிறது. தூண்டப்படும்போது அது எதிர்மறைப் பக்கம் போகும் என்று வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் குறியைத் திருப்பினார்கள். இன்னும் பின்னால் வந்தவர்கள் ஓய்வுநிலையை −65 மில்லிவோல்ட் என்று வைத்து நேராகவே எழுதினார்கள். ஒவ்வொன்றும் தனக்குள் முழுமையானது, கலந்தால் கெட்டுப்போகும். பழைய ஏடுகளில் பாடபேதம் என்பார்களே, அதேதான். பேதத்தின் காரணம் சமன்பாட்டுக்கு வெளியே, எங்கோ ஒரு பத்தியில், சில சமயம் வேறொரு கட்டுரையில் இருக்கும்.

இந்த மாதிரி விஷயங்களைக் கோப்புக்குள்ளேயே கட்டிப்போட வேண்டும் என்று முனைந்தவர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு இடங்களில் வேலையைத் தொடங்கினார்கள். ஒரு இடம் கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனம். ஜப்பானின் ஹிரோஅகி கிடானோ நடத்திய எராடோ என்ற ஆய்வுத் திட்டத்தின் கீழ் மைக்கேல் ஹக்கா, ஆண்ட்ரூ ஃபின்னி, ஹெர்பர்ட் சாரோ, ஹமீத் போலூரி ஆகியோர் அங்கே சேர்ந்திருந்தார்கள். அப்போது செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளைக் கணிக்க இ-செல், கெபாசி, ஜார்னாக், வர்ச்சுவல் செல் என்று பல மென்பொருள்கள் இருந்தன. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் திறக்காது. தமிழில் முதன்முதலாக வலைப்பதிய வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஒரு நண்பர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க அவருடைய எழுத்துருவையும் சேர்த்து இறக்க வேண்டியிருந்த காலம் நமக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அந்த மென்பொருள்களை எழுதியவர்களையே ஒரு அறையில் உட்காரவைத்துப் பேசியதிலிருந்து பிறந்ததுதான் எஸ்பிஎம்எல், அதாவது சிஸ்டம்ஸ் பயாலஜி மார்க்அப் லேங்குவேஜ். அதன் முதல் நிலை, அதாவது முதல் பெரும் பதிப்பு, 2001இல் வந்தது.

இன்னொரு இடம் நியூசிலாந்தின் ஆக்லாந்து. பீட்டர் ஹன்ட்டரின் குழு இதயத்தை மாடலாக்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்குச் செல்எம்எல் பிறந்தது. இரண்டின் மனப்போக்கும் வேறு. எஸ்பிஎம்எல் வேதியியலாளரைப் போல யோசிக்கிறது: இந்த அறையில், அதாவது செல்லின் இந்தப் பகுதியில், இந்தப் பொருள், இது அதுவாக மாறும் வினை இது, அதன் வேகம் இது. செல்எம்எல் கணிதத்தைப் பிடித்துக்கொள்கிறது: மாறிகள், சமன்பாடுகள், அவற்றைக் கோக்கும் துண்டுகள். செல்எம்எல்லில் எனக்கு மிகவும் பிடித்த கண்டிப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு மாறிக்கும் அலகு கொடுத்தாக வேண்டும். சமன்பாட்டுக்கு நடுவில் 2 என்று ஒரு எண் வந்தால் அதற்குக்கூட அலகு கொடுத்தாக வேண்டும். மில்லிவோல்ட்டா, மில்லிநொடியா, அலகே இல்லாத வெறும் 2ஆ என்று சொல்லாமல் நகர முடியாது.

அண்டாவும் டம்ளரும்

என் தட்டை வளைவுக்குத் திரும்புகிறேன். ஆறாவது வாரம், ஏதாவது ஒரு அளவுருவைத் தவறாக அச்சடித்திருப்பார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். அளவுருக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்கக் கோபாசி என்ற மென்பொருள் வசதியானது, அதற்கு எஸ்பிஎம்எல் கோப்பு கொடுத்தால் போதும். சரி என்று, என் நிரலில் சமன்பாடுகளாக இருந்ததைப் பைத்தான் நிரல்மொழியில் லிப்எஸ்பிஎம்எல் நூலகத்தை வைத்து வினைகளாக மாற்றி எழுத உட்கார்ந்தேன். வெறும் நகல் எடுக்கும் வேலை, அரை நாளில் முடியும் என்று நினைத்தேன்.

முதல் இடறல் புரதம் உட்கருவுக்குள் போகும் வினையில் வந்தது. கட்டுரையில் இது இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தது: சைட்டோபிளாசத்தில் செறிவு குறையும் வேகமாக ஒரு சமன்பாட்டில், உட்கருவில் செறிவு கூடும் வேகமாக இன்னொன்றில். இரண்டிலும் ஒரே கோவை, ஒன்றில் கழித்தல் குறி, மற்றதில் கூட்டல் குறி. எஸ்பிஎம்எல்லில் அப்படி இரண்டாக எழுத வேண்டியதில்லை. ஒரே வினை. இங்கிருந்து எடு, அங்கே போடு. ஆனால் அந்த வினையின் வேகம் செறிவில் இருக்காது. ஒரு நொடிக்கு எவ்வளவு பொருள் என்ற கணக்கில்தான் இருக்க வேண்டும். இது ஏதோ சம்பிரதாயம் என்று முதலில் எரிச்சல்பட்டேன். ஒரு நாள் எங்கள் வீட்டு விசேஷத்தில் அண்டாவிலிருந்து பானகம் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் மொண்டால் அண்டாவின் மட்டம் இறங்கியது கண்ணுக்கே தெரியாது. டம்ளரோ விளிம்பு வரை நிறைந்துவிடும். மொண்ட பானகம் ஒரே அளவு. மட்டத்தில் நடந்த மாற்றம் ஒன்றல்ல. செறிவு என்பது அந்த மட்டம் மாதிரி. இங்கே எவ்வளவு இறங்கியதோ அங்கே அவ்வளவு ஏறியது என்று எழுதினால், அண்டாவும் டம்ளரும் ஒரே பாத்திரம் என்று சொன்னதாக ஆகிறது.

செல்லில் சைட்டோபிளாசம் அண்டா, உட்கரு டம்ளர். எத்தனை மடங்கு என்பது செல்லைப் பொறுத்தது. இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இதே புரதக் குடும்பத்துக்கு 2004இல் டோமாஸ் லிப்னியாட்ஸ்கியும் சகாக்களும் வெளியிட்ட மாடலில் சைட்டோபிளாசத்துக்கும் உட்கருவுக்கும் உள்ள விகிதம் 5 என்று தனி அளவுருவாகவே அட்டவணையில் நிற்கிறது. பார்த்தவுடன் தெரியும், மறுக்கவும் முடியும், மாற்றிப் பார்க்கவும் முடியும். என் கட்டுரையில் அப்படி ஒரு வரி இல்லை.

காலி இடம்

ஆனால் இல்லை என்பதை நான் அந்த மாலை வரை கவனிக்கவே இல்லை. இதைத்தான் விளக்க விரும்புகிறேன். ஐந்து வாரம் அந்தக் கட்டுரையோடு வாழ்ந்திருக்கிறேன். இருக்கும் எண் சரியா என்று 31 முறை கேட்டிருக்கிறேன். இல்லாத எண் எது என்று ஒரு முறைகூடக் கேட்கத் தோன்றவில்லை. அச்சுப் பக்கம் அப்படிக் கேட்க விடாது. சமன்பாடு வரிசையாக, கண்ணுக்கு நிறைவாக, முழுசாகவே தெரியும். பழைய சமையல் குறிப்பில் “உப்பு தேவையான அளவு” என்று போட்டிருப்பதாவது ஒரு நேர்மை. அளவு நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுகிறது. இங்கே உப்பு என்ற சொல்லே இல்லை.

கோப்பை எழுதி முடித்துச் சரிபார்ப்பு ஓட்டினேன். பிழை எதுவும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை இருந்தது. பிழைகூட இல்லை, நல்ல மாடலிங் வழக்கத்துக்கான ஒரு குறிப்பு. சாரம் இதுதான்: உட்கரு என்ற அறைக்கு அளவு கொடுக்கப்படவில்லை; கொடுப்பது நல்லது. சைட்டோபிளாசத்துக்கும் அப்படியே. அந்த வரியைப் படித்துவிட்டு, கொடுத்துவிட்டால் போகிறது என்று கட்டுரையைப் புரட்டினேன். அட்டவணையில் இல்லை. முறைகள் பகுதியில் இல்லை. துணை ஆவணம் 40 பக்கம். அதில் கொள்ளளவு என்ற சொல்லைத் தேடினேன், செல்களை வளர்க்கும் ஊடகத்தின் கொள்ளளவுதான் கிடைத்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது. உட்கரு எவ்வளவு பெரியது என்று அந்தக் கட்டுரை எங்குமே சொல்லவில்லை. கேட்டது ஒரு மனிதரும் இல்லை, ஒரு கோப்பு வடிவத்தின் காலி இடம்.

ஏதாவது ஒரு விகிதம் போட்டுப் பார்ப்போம் என்று 3 என்று வைத்தேன். மேடு ஒன்றுக்குப் பின் சின்னதாக இன்னொன்று எழுந்து அமர்ந்தது. 5 வைத்தேன். ஆடியது, கட்டுரையில் இருப்பதைவிட வேகமாக. எழுந்து போய் அண்ணாவை இழுத்து வந்தேன். “அண்ணா, இந்தப் பேப்பர்ல உட்கருவோட சைஸே இல்ல.” அவர் இந்த முறை உட்கார்ந்து, கட்டுரையை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். “இல்லம்மா. நிஜமாவே இல்ல,” என்றார்.

அன்றிரவே எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் ஆய்வை விட்டுப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. மூன்று நாளில் பதில் வந்தது, பழைய நிரலையும் இணைத்திருந்தார். உட்கருச் செறிவின் சமன்பாட்டு வரியில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 4 நின்றது. பெயர் இல்லாத, அலகு இல்லாத, பக்கத்தில் குறிப்பு இல்லாத ஒரு 4. அவருக்கு அது மாறாத, சொல்லத் தேவையே இல்லாத ஒரு விஷயம். சமன்பாடுகளைத் தட்டச்சுக்கு மாற்றும்போது அது கைநழுவிவிட்டது. அந்த 4ஐப் போட்டதும் என் வளைவு மூன்றாவது படத்தின்மேல் அப்படியே போய்ப் படிந்தது. அவர்மீது எனக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை. மதிப்பீட்டாளர்கள் பார்த்திருக்கிறார்கள், இதழாசிரியர் பார்த்திருக்கிறார், படித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அத்தனை கண்ணுக்கும் தப்பிய ஒன்று அது.

பிறகு ஒரு விஷயம் தெரிந்து உள்ளூர நடுங்கினேன். எஸ்பிஎம்எல்லின் முதல் நிலையில் அறையின் கொள்ளளவைச் சொல்லாவிட்டால் அது 1 என்று எடுத்துக்கொள்ளப்படும். நான் அந்தப் பழைய வடிவத்தில் எழுதியிருந்தால் இரண்டு அறையும் 1 ஆகி, அண்டாவும் டம்ளரும் ஒன்றாகி, வளைவு தட்டையாகவே இருந்திருக்கும், எச்சரிக்கை வந்திருக்காது. இரண்டாம் நிலையில் அந்த இயல்மதிப்பு எடுக்கப்பட்டது. 2010இல் வந்த மூன்றாம் நிலையில் இன்னும் மேலே போய், எந்தப் பண்புக்குமே இயல்மதிப்பு கிடையாது என்று ஆக்கினார்கள். வினை இருபக்கமும் நடக்குமா, அறையின் அளவு மாறாததா, பொருளின் அளவு வெளியிலிருந்து பிடித்துவைக்கப்பட்டதா, எதையும் சொல்லாமல் விட்டால் இதுதான் என்று யாரும் உனக்காக நினைத்துக்கொள்ள மாட்டார்கள். கோப்பு நீளமாகிறது என்று அலுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பத்து வருட அனுபவத்தில் அந்தக் குழு எடுத்த முடிவுகளிலேயே இது மிகப் பெரியது என்று நான் நினைக்கிறேன். சொல்லாமல் விட்டது எல்லாம் ஏதோ ஒரு நாள் யாரோ ஒருவரின் ஆறு வாரமாக மாறும்.

என் அனுபவம் தனிப்பட்டது இல்லை என்று 2021இல் தெரிந்தது. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தில் பயோமாடல்ஸ் என்ற களஞ்சியம் 2005லிருந்து இயங்குகிறது. வெளியான மாடல்களை எஸ்பிஎம்எல்லில் எழுதி, கட்டுரையில் உள்ள ஒரு படமாவது மறுபடி வருகிறதா என்று பார்த்து, வந்தால்தான் சரிபார்த்த பிரிவில் சேர்ப்பார்கள். அந்தக் குழுவினர் 455 மாடல்களைக் கையில் எடுத்து என்ன நடந்தது என்று எண்ணிச் சொன்னார்கள். கட்டுரையில் இருப்பதை மட்டும் வைத்து ஏறத்தாழ பாதிதான் மறுபடி வந்தது. எழுதியவர்களைக் கேட்டோ, தாங்களே பிழையைத் திருத்தியோ இன்னொரு 12 சதவீதத்தை மீட்டார்கள். மீதி 37 சதவீதம் வரவே இல்லை. காரணங்கள்: விட்டுப்போன அளவுருக்கள், விட்டுப்போன தொடக்கச் செறிவுகள், தனக்குள்ளேயே முரண்படும் அமைப்பு. இந்த எண்ணிக்கையைப் படித்தபோது அந்த 37 சதவீதத்துக்குப் பின்னால் எத்தனை பேர் எத்தனை வாரம் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் மாடல் மீண்டது. எழுதியவர் உயிரோடு இருந்தார், மின்னஞ்சல் மாறவில்லை, பழைய கோப்பை அழிக்கவில்லை, பதில் போடும் மனமும் இருந்தது. இதில் ஒன்று தவறியிருந்தாலும் அந்த 4 போயே போயிருக்கும்.

களஞ்சியத்தில் மாடல்களைச் சரிபார்க்கிறவர்கள் செய்யும் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். மாடலில் ஒருவர் ஒரு புரதத்துக்கு எக்ஸ் என்று பெயர் வைத்திருப்பார், இன்னொருவர் அதையே ஏ என்பார். ஒவ்வொரு பெயருக்கும் அது எந்தப் புரதம் என்று யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் எண்ணையும், எந்தச் சிறு மூலக்கூறு என்று செபி (ChEBI) என்ற மூலக்கூறுத் தரவுத்தளத்தின் எண்ணையும் தேடிப் பிடித்துக் கோப்போடு கட்டுகிறார்கள். சில சமயம் கட்டுரையே அந்தப் பொருள் எந்த உயிரினத்துடையது என்று சொல்லியிருக்காது. இந்த வேலைக்குப் பெரிய பரிசுகள் கிடையாது, கட்டுரையில் பெயர் வராது. ஆனால் என் படிப்பில் பாதி இவர்கள் எழுதிவைத்த கோப்புகளைத் திறந்துதான் நடந்தது. எலோவிட்ஸும் லைப்லரும் 2000இல் வெளியிட்ட ரெப்ரஸிலேட்டர், அதாவது மூன்று மரபணுக்கள் ஒன்றை ஒன்று வட்டமாக அடக்கி ஊசலாடும் செயற்கைச் சுற்று, அங்கே 12ஆம் எண். இறக்கி, திறந்து, ஓட்டு என்று அழுத்தினால் மூன்று வளைவும் ஒன்றன்பின் ஒன்றாக எழும். ஐந்து வாரம் உட்கார்ந்தவளுக்கு அந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

அண்ணாவின் கேள்வி

அண்ணா இன்னும் மாறவில்லை. நாங்கள் இப்போது வேறு வேறு ஊர்களில் இருக்கிறோம், வருடத்துக்கு ஒரு முறையாவது இதைப் பற்றிப் பேசிவிடுவோம். “நிரலை கிட்ஹப்பில் போட்டுட்டா வேலை முடிஞ்சுது. அதுல அந்த 4 இருந்துச்சுல்ல? அப்புறம் எதுக்கு எக்ஸ்எம்எல்?” கிட்ஹப் என்பது நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளம், எக்ஸ்எம்எல் என்பது எஸ்பிஎம்எல் கோப்புகள் எழுதப்படும் குறிமொழி. நியாயமான வாதம். நிரலில் 4 இருந்தது உண்மை. ஆனால் நிரல் முதலிலேயே கையில் இருந்திருந்தால் நான் அதை ஓட்டியிருப்பேன், படம் வந்திருக்கும், அந்த 4 எதற்கு என்று நான் கேட்டிருக்கவே மாட்டேன். அது ஒரு உட்கருவின் அளவு என்பதும், வேறு வகைச் செல்லுக்கு அது மாறும் என்பதும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நிரலில் செல் செய்வதும் கணினி செய்வதும் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன: இந்த வரி உயிரியல், அடுத்த வரி நேர அடியைச் சின்னதாக்குவது, அதற்கடுத்தது படத்துக்கு நிறம் கொடுப்பது. வெளியில் இருந்து வருகிறவர் எது செல்லைப் பற்றிய கூற்று, எது வசதிக்காகச் செய்தது என்று பிரிக்கவே முடியாது. எஸ்பிஎம்எல்லில் செல்லைப் பற்றிய கூற்று மட்டும்தான் இருக்கும்.

அதற்கு அண்ணாவின் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: “அப்போ அந்தக் கோப்பை மட்டும் வச்சு மூணாவது படத்தை வரைய முடியுமா?” முடியாது. எவ்வளவு நேரம் ஓட்டினோம், தூண்டலை எப்போது கொடுத்தோம், எந்த இரண்டு பொருளைக் கூட்டி வரைந்தோம் என்பதெல்லாம் மாடலில் இல்லை. இதற்காகத்தான் டாக்மர் வால்டமத், நிகோலா லெ நொவேர் போன்றவர்கள் முயன்று 2011இல் செட்-எம்எல் என்ற வடிவத்தின் முதல் நிலை வந்தது. அது மாடலைத் தொடாமல், மாடலை வைத்துச் செய்த பரிசோதனையை மட்டும் எழுதுகிறது. எந்தக் கணக்கு முறையில் தீர்த்தோம் என்பதைக்கூடப் பொதுவான ஒரு சொற்பட்டியலிலிருந்து எடுத்துக் குறிக்கலாம். மாடல், பரிசோதனை, தரவு எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிக் கொடுக்கவும் கம்பைன் ஆர்க்கைவ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இந்த இடத்தில் என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எஸ்பிஎம்எல்லை ஏற்கும் மென்பொருள்கள் நிறைய. செட்-எம்எல்லை அதே அளவு ஒழுங்காகப் படிக்கிறவை குறைவு. மாடலைப் பகிர்வது பழக்கமாகிவிட்டது, பரிசோதனையைப் பகிர்வது இன்னும் ஆகவில்லை.

வேறு சில விஷயங்களில் அண்ணா சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக நகர்ந்து, முட்டி, பிரியும் மாடல்களை எஸ்பிஎம்எல்லின் மையப் பகுதியில் எழுத முடியாது. மூன்றாம் நிலையில் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் துணைப் பொதிகள் வந்தன; வளர்சிதை மாற்ற வலைகளுக்கான பொதி ஆயிரக்கணக்கான வினைகள் உள்ள மாடல்களுக்கு அன்றாடக் கருவியாகிவிட்டது. எல்லாப் பொதிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பொதுத்தரம் மெதுவாகத்தான் நடக்கும், ஆய்வு அதற்காகக் காத்திருக்காது. ஒரு புதுவகை மாடலை இன்றைக்கே எழுத வேண்டியவர் நிரலில்தான் எழுதுவார். எழுதட்டும். அவர் அறையின் அளவை மட்டும் எங்காவது சொல்லிவிட வேண்டும் என்பதே என் ஆசை.

போன வருடம் என் சொந்த மாடல் ஒன்றைக் களஞ்சியத்துக்கு அனுப்பினேன். இத்தனை பேசுகிறவள் என்பதால் மிகுந்த கவனத்தோடு தயாரித்தேன். ஒவ்வொரு அறைக்கும் அளவு, ஒவ்வொரு அளவுருவுக்கும் அலகு, ஒவ்வொரு புரதத்துக்கும் எண். எச்சரிக்கை ஒன்றுகூட வராத கோப்பு. சில நாள் கழித்துச் சரிபார்ப்பவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. இரண்டாவது படத்தில் தூண்டல் கொடுப்பதற்கு முன் மாடலை ஓய்வுநிலைக்கு வரும்வரை ஓடவிட்டீர்களா? ஓடவிட்டிருந்தால் எவ்வளவு நேரம்? தொடக்கச் செறிவுகளை அப்படியே வைத்துத் தொடங்கினால் முதல் மேடு உங்கள் படத்தைவிட உயரமாக வருகிறது.

ஓடவிட்டிருந்தேன். கட்டுரையில் எழுதவில்லை. எழுதவில்லை என்பது அந்தக் கேள்வியைப் படிக்கும் வரை எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் என்பதும் ஞாபகம் இல்லை. பழைய மடிக்கணினியை அலமாரியிலிருந்து எடுத்து, சார்ஜரைத் தேடி, அது உயிர்பெறும் வரை காத்திருந்து, நிரலைத் திறந்து தேடினேன். படம் வரையும் பகுதிக்கு மேலே, நான் எப்போதும் மாற்றாமல் விட்டுவைக்கும் நாலு வரிக்குள் அது இருந்தது: 3000 நிமிடம். அதைச் செட்-எம்எல் கோப்பில் தனி அடியாகச் சேர்த்து, என் தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுப் பதில் அனுப்பினேன். மறுநாள் காலை படம் பொருந்திவிட்டது என்று எழுதியிருந்தார்.